துவக்கு வைத்திருப்பது உரிமையா, அனுமதியா?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் அன்றைக்கு ராத்திரியே நம் வீட்டு டீவியில் அது வந்துவிடும். ஓ.எல். படிக்கும் என் அக்கா மகள் ஒருமுறை அப்படியொரு செய்தியைப் பார்த்துவிட்டு, "மாமா, அங்க ஏன் எல்லார் வீட்டுலயும் துவக்கு இருக்கு? கவுருமெந்து வாங்கி வச்சிக்கிட்டா முடிஞ்சிதானே?" என்று கேட்டாள். ஏதோ சொல்லி வைத்தேன், ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அவளுக்கும், அவளைப் போல முதல் தடவையாக இதை யோசிப்பவர்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன். நான் இருப்பது பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில். எனக்குத் தெரிந்த துவக்கு டீவியில் வருகிற மாதிரியானது இல்லை, அதனால் என் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவில் ஒருவர் இருந்தார், நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து எல்லைக்குக் கீழே மானாப்புல் மண்டிய சரிவில் விறகுக்குப் போனவருக்குக் குறுக்கே ஒரு கம்பி இருந்தது தெரியவில்லை. பீலியடியில் நின்ற எங்களுக்குப் பட்டாசு வெடித்த மாதிரிதான் கேட்டது. கம்பளியை விரித்து அதில் தூக்கிப்போட்டு, கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இடது காலை முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் தோண்டி எடுத்த துண்டுகளைப் பெரியம்மா ஒரு பவுடர் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஆணித் துண்டு, சைக்கிள் பெயரிங் குண்டு, உருக்கிய ஈயம். சின்னப் பிள்ளையில் அந்த டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்து அவரிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அதுதான் கட்டுத்துவக்கு. பன்றி வருகிற தடத்தில், பன்றியின் நெஞ்சு மட்டத்துக்குக் கம்பியை இழுத்துக் கட்டி வைப்பார்கள், கம்பி தட்டுப்பட்டால் துவக்கு தானாக வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரம் என்பது மனிதனுக்கு முழங்கால் உயரம், ஆகவே இந்தத் தீவில் கட்டுத்துவக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அடி காலில்தான். பெரியப்பாவுக்குப் பட்டதைக் கட்டியவர் தோட்டத்துக்குக் கீழே நாட்டில், அதாவது சிங்களக் கிராமத்தில், உருளைக்கிழங்கு போடுகிற ஒரு நாட்டுக்காரர். பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி பாத்திக்குள் இறங்கினால் விடியும்போது ஏர் ஓட்டிய மாதிரி இருக்கும். விதைக்கிழங்குக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். அவர் கெட்டவர் இல்லை. பெரியப்பா வார்டில் கிடந்தபோது வந்து கட்டில் காலடியில் நின்று அழுதார் என்று பெரியம்மா சொல்வார். பெரியப்பா மேல் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது, கட்டும்போது அவர் மனதில் இருந்தது பன்றி மட்டும்தான். துப்பாக்கியையும் பொதுமக்கள் பாதுகாப்பையும் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த இரண்டு பேரும்தான். ஒருவருக்குத் தன் பயிரைக் காக்க வேண்டும், இன்னொருவர் தன் பாட்டுக்கு நடந்து போனவர்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் இது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், பிறகு பல தடவை திருத்தப்பட்டது. அதன் அடிப்படை இவ்வளவுதான்: அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் துவக்கு வைத்திருக்கக் கூடாது, கிடைத்த அனுமதியையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு சொட்கன் வேண்டுமென்றால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும், உயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. என்ன காரணத்துக்கு வேண்டும் என்று கேட்பார்கள், பொலிஸ் அறிக்கை பார்ப்பார்கள், வேண்டாம் என்று தோன்றினால் தராமல் விடலாம், தந்ததையும் திருப்பிக் கேட்கலாம். 2024 நவம்பரில் அப்படித்தான் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு சொன்னது. கட்டுத்துவக்குக்கோ இந்தச் சட்டத்தில் இடமே இல்லை, எவரும் அதற்கு லைசன் வாங்க முடியாது.

அக்கா மகளுக்கு முதலில் புரிய வேண்டியது இந்த வித்தியாசம். நமக்குத் துவக்கு என்பது அரசாங்கம் பார்த்துத் தருகிற அனுமதி. அமெரிக்கர்களுக்கு அது அரசியலமைப்பில் எழுதிய உரிமை. 1791இல் அவர்கள் சேர்த்த இரண்டாம் திருத்தம், நன்கு ஒழுங்கான குடிப்படை (பொதுமக்களே சேர்ந்த ஆயுதப் படை) ஒன்று சுதந்திர நாட்டுக்குத் தேவை, ஆகவே ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக்கூடாது என்கிறது. குடிப்படைக்காகச் சொன்னதா, ஒவ்வொரு தனிமனிதனுக்கும் சொன்னதா என்று 200 வருடத்துக்கு மேல் இழுபட்டது. 2008இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமைதான் என்று தீர்த்தது. 2022இல் வெளியே கொண்டு போவதற்கும் அந்த உரிமை உண்டு என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. அதனால்தான் "கவுருமெந்து வாங்கி வச்சிக்கிறது" அங்கே நடக்காத காரியம். இங்கே நமக்கு ஏன் வேண்டும் என்று நாம் அரசாங்கத்திடம் காரணம் சொல்கிறோம், அங்கே ஒருவனுக்கு ஏன் கூடாது என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே எத்தனை இருக்கிறது என்றால், 2017ஆம் ஆண்டுக்கான ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பின்படி பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி. 100 பேருக்கு 120. ஆட்களை விடத் துப்பாக்கிகள் கூட. உலகம் முழுக்கப் பொதுமக்களிடம் இருப்பது ஏறத்தாழ 86 கோடி என்றும் அதே கணக்கு சொன்னது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய ஒரே நாட்டில்.

இனி விவாதத்துக்கு வருவோம். துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் சொல்வது, கள்ளன் சட்டத்தைப் பார்த்து நடக்க மாட்டான், சட்டத்தை மதிப்பவன் கையிலிருந்து மட்டும் பிடுங்கினால் அவன்தான் நிராயுதபாணியாக நிற்பான், பொலிஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் சொல்வது, துப்பாக்கி கூடக் கூடச் சாவும் கூடும், ஏனென்றால் ஒரு சண்டையோ ஒரு குடிவெறியோ ஒரு மனவேதனையோ துப்பாக்கி பக்கத்தில் இருந்தால் சாவில் முடிகிறது, இல்லாவிட்டால் பெரும்பாலும் காயத்தில் முடிகிறது என்பது. இரண்டு பக்கமும் அடுக்குகிற புள்ளிவிபரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அமெரிக்காவில் வருடத்துக்கு எத்தனை தடவை ஒருவர் துப்பாக்கியால் தன்னைக் காத்துக்கொள்கிறார் என்ற கேள்விக்கே, கேட்கிற விதத்தைப் பொறுத்து, ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று ஒரு கணக்கு, 25 இலட்சம் என்று இன்னொரு கணக்கு. இவ்வளவு தூரம் விலகி நிற்கிற இரண்டு எண்களில் தனக்குப் பிடித்ததை ஆளாளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

சர்ச்சை இல்லாத ஒரு எண்ணும் இருக்கிறது, அது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000க்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 26,000க்கும் கூடுதலானவர்கள், தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். டீவியில் வருகிற பள்ளிக்கூடச் சூடுகள், 2012இல் சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2022இல் யுவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும், நெஞ்சை உலுக்குகின்றன, உலுக்கத்தான் வேண்டும். ஆனால் மொத்தச் சாவில் அவை சிறு பங்கு. பெரிய பங்கு எந்தக் கமெராவும் இல்லாத வீட்டு அறைகளில் நடக்கிறது.

இந்த இடத்தில் மலையகத்துக்காரர்கள் நமக்கு ஒரு அனுபவம் உண்டு, அதை நாம் துப்பாக்கியோடு சேர்த்து யோசிப்பதில்லை. என் வயசுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தொண்ணூறுகளில் மருந்து குடித்துப் போன ஒருவராவது இல்லாத லயம் இருந்ததா என்று. புல்லுக்கு அடிக்கிற மருந்து, மரக்கறிக்கு அடிக்கிற மருந்து, எல்லாம் இஸ்தோப்பு மூலையிலேயே இருக்கும். புருஷன் பெண்சாதி சண்டை, பரீட்சை பெயில், அப்பா அடித்தது என்று ஒரு கோபத்தில் கை அதற்குப் போகும். குடித்த பிறகு "என்னைக் காப்பாத்துங்க" என்று கத்தியவர்களை நான் கேட்டிருக்கிறேன். சாக வேண்டும் என்று ஆழமாக முடிவெடுத்தவர்களின் குரல் இல்லை அது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47, உலகத்திலேயே மிக மோசமான வீதங்களில் ஒன்று. அந்தக் காலத்திலிருந்து அரசாங்கம் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995இல் ஒரு வகை, 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் உள்ளிட்ட மூன்று. வீதம் இறங்கி இறங்கி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் இதனால் தப்பின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். விளைச்சல் விழுந்துவிடவும் இல்லை.

நம்முடைய வறுமை அப்போது தீர்ந்துவிட்டதா? குடி நின்றுவிட்டதா? சண்டை குறைந்ததா? இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மாறியது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை. "சாக நினைத்தவன் எப்படியும் சாவான்" என்று இங்கே எல்லோரும் சொன்னதுதான், துப்பாக்கி விஷயத்திலும் அமெரிக்காவில் அதையேதான் சொல்கிறார்கள், ஆனால் நம் லயங்களில் அது பொய்யென்று தெரிந்துவிட்டது. துப்பாக்கியிலும் இதேமாதிரி நடந்திருக்கிறது. இஸ்ரேல் இராணுவம் வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்களிடம் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுப் போகச் சொன்னது, தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது, வாரநாட்களில் அது கூடிவிடவும் இல்லை. (இதைப் படிக்கும் யாருக்காவது மனம் அப்படிக் கனத்திருந்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம்.)

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்க வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், என்னால் முடியாது. எங்கள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது பண்டாரவளை பிந்துனுவெவ. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 காலையில் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கத்தியும் பொல்லுமாக ஒரு கூட்டம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கேயே இருந்தார்கள், தடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2005இல் எஞ்சியிருந்தவர்களும் விடுதலையானார்கள். அதற்கு முன்னால் 1977, 1981, 1983 கலவரங்கள். லயக் கதவுக்குப் பின்னால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், பலர் தேயிலைக்குள் பதுங்கி ராத்திரியைக் கழித்தார்கள், பலர் எல்லாவற்றையும் விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். அதற்கும் முன்னால் 1940இல் முல்லோயா தோட்டத்தில் சம்பளத்துக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தன். பொலிஸ் வரும், காக்கும் என்று அமெரிக்காவின் நகரத்து ஆள் சுலபமாகச் சொல்லலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. "அன்றைக்கு வீட்டுக்கு ஒரு துவக்கு இருந்திருந்தால்" என்று என் தாத்தா கடைசி வரை சொன்னார். அதை நான் பேராசை என்றோ முட்டாள்தனம் என்றோ எழுத மாட்டேன்.

ஆனாலும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் துவக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைக்காது. லயத்தில் பத்து என்றால் கீழே நாட்டில் நூறு இருக்கும். சட்டப்படி கொடுத்தது சட்டப்படியே நிற்கும் என்பதும் இல்லை. 1971இலும் 1987–89இலும் ஆயுதம் தேடிய இளைஞர்கள் கிராமத்து வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். லைசன் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், துவக்கு வேறு யாரோ கையில். கூட்டமாக வருகிற வெறிக்கு முன்னால் ஒரு சொட்கன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் இருக்கிறது. மற்ற 364 நாளும் அது அதே காம்பராவில், குடித்துவிட்டு வருகிற ஆளோடும் விளையாடுகிற பிள்ளைகளோடும் இருக்கும். கலிபோர்னியாவில் இலட்சக்கணக்கான பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு, கைத்துப்பாக்கி உள்ள வீட்டில் கூட வாழ்பவர்கள், இல்லாத வீட்டில் வாழ்பவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் கொலைக்கு ஆளாகிறார்கள் என்று 2022இல் சொன்னது. வெளியிலிருந்து வருபவனுக்காக வாங்கியது வீட்டுக்குள் இருப்பவர்கள் மேல், அதிலும் பெண்கள் மேல், திரும்புகிறது. எட்டுக்குப் பத்து அடிக் காம்பராவில் அதை எங்கே பூட்டி வைப்பது?

கள்ளன் சட்டம் பார்க்க மாட்டான் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2025 பெப்ரவரியில் கொழும்பில் நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், அந்த வருடம் அடிக்கடி நாம் கேட்ட டி-56 சூடுகளுக்கு யாரும் கச்சேரியில் லைசன் எடுத்திருக்கவில்லை. ஆனால் டி-56 மரத்தில் காய்ப்பதில்லை. அது இராணுவ ஆயுதம், முப்பது வருட யுத்தத்தின் மிச்சம், சட்டத்துக்குள் இருந்த எங்கோ ஓரிடத்திலிருந்து கசிந்து வந்தது. கள்ளத் துப்பாக்கியின் முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் சட்டப்படியான ஒருவர்தான். ஆகவே எத்தனை இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று எண்ணி வைப்பது கள்ளனையும் பாதிக்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996இல் பிரிட்டனில் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டார்கள், அடுத்த வருடம் கைத்துப்பாக்கி தடையானது. அதே 1996இல் அவுஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 35 பேர். அங்கே அரசாங்கம் சுமார் ஆறரை இலட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. நியூசிலாந்தில் 2019இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட ஒரு மாதத்துக்குள் சட்டம் மாறியது. இதில் எங்கேயும் விவசாயியின் துப்பாக்கியை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள், எந்த வகை, எதற்கு, எங்கே பூட்டி வைக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தலாம். எந்த வகை, யார் கையில், ராத்திரி எங்கே கிடக்கிறது என்று கேட்டால் பதில்கள் வரத் தொடங்கும். இந்த மூன்றுக்கும் மிக மோசமான பதில் கட்டுத்துவக்கு: வீட்டில் செய்தது, யார் கையிலும் இல்லாதது, ராத்திரி முழுக்கப் பாதையில் கிடப்பது.

இதை எழுதி அக்கா மகளிடம் காட்டினேன். "அப்ப பன்றிக்கு என்ன செய்றது மாமா?" என்றாள். சரியான கேள்வி. தோட்டத்துக் கூட்டங்களில் யாரும் கேட்காதது. கள்ளத் துவக்கை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று முன்பு பொதுமன்னிப்புக் காலம் அறிவித்திருக்கிறார்கள், ஆனால் ஒப்படைத்துவிட்டு வருகிற நாட்டுக்காரரின் பாத்திக்கு அன்றைக்கு ராத்திரியும் பன்றி வரும். அவுஸ்திரேலியாக்காரனுக்குக் காசு கிடைத்தது, இவருக்கு வேலி கிடைக்க வேண்டும். மாற்று வழி இல்லாத இடத்தில் கம்பிதான் வளர்கிறது. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டி, சில நாளில் செத்துப்போனது. 2025 மார்ச் 15 காலையில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணுவது தொடக்கம்தான். மின்வேலிக்கு மானியம், நாலு தோட்டக்காரர் சேர்ந்து முறை வைத்துக் காவல், லைசன் உள்ள ஒருவர் வந்து சுட ஒரு ஒழுங்கு, அழிந்த பயிருக்கு நட்டஈடு. இவை நம் பிரதேச சபையிலும் விவசாய சங்கத்திலும் கேட்க வேண்டியவை. இவற்றைக் கேட்காமல் கட்டுத்துவக்கு கட்டியவரை மட்டும் உள்ளே போட்டால், அடுத்த வருடம் வேறொருவர் கட்டுவார்.

அதுவரைக்கும், விறகுக்கோ கீரைக்கோ எல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். புல்லுக்குள் முழங்கால் மட்டத்தில் கம்பியோ நூலோ கண்ணில் பட்டால் தாண்டாதீர்கள், கத்தியால் அறுக்காதீர்கள், தடியால் தட்டியும் பார்க்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து வந்த தடத்திலேயே பின்னுக்கு வாருங்கள். பின்னால் வருகிறவர்களை நிறுத்துங்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. 119க்கோ கிராம உத்தியோகத்தருக்கோ இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். கம்பியில் மிருகம் மாட்டிக் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992.